கிரியேட்டினின் நார்மல் என்றால் கிட்னியும் நார்மலா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 42, ஆண். வருடாந்திரப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.2, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 228, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 34, யூரிக் ஆசிட் 7.6. ரத்த அழுத்தம் 138/88. கிரியேட்டினின் 1.0, அதற்கு நேரே மட்டும் தடித்த எழுத்தோ அம்புக்குறியோ இல்லை. "கிட்னி நன்றாக இருக்கிறது, மற்றதைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா டயாலிசிஸில் இருப்பதால் மனம் ஆறவில்லை. இந்த எண்களுக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பு உண்டா, உண்டென்றால் பழுது தொடங்கும்போதே ரத்தத்தில் தெரிந்துவிடுமா என்று கேட்கிறார்.

தொடர்பு நிச்சயமாக உண்டு. இரண்டாவது கேள்விக்கான பதில்தான் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். சிறுநீரகத்துக்கு யார் தொல்லை கொடுக்கிறார்கள் என்பதை ரத்தம் சொல்லும். அந்தத் தொல்லை வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டதா என்பதைப் பெரும்பாலும் சிறுநீர்தான் முதலில் சொல்லும். நீங்கள் கொடுத்த பட்டியலில் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. ஆகவே "கிட்னி நன்றாக இருக்கிறது" என்றவர் பாதியைப் பார்த்துவிட்டு முழுதுக்கும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

கிரியேட்டினினில் இருந்தே தொடங்குவோம். அது தசை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது; வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். கேட்க நேர்த்தியாக இருக்கிறது, நடப்பில் அவ்வளவு நேர்த்தி இல்லை. நம் இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்துச் சுமார் 20 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் அலகுகள், இருக்கின்றன. ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை வெகுவாக மாறும். சில லட்சம் போய்விட்டாலும் மிச்சமிருப்பவை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். போதாக்குறைக்கு, வடிகட்டுவது குறையும்போது, வடிந்த திரவம் ஓடும் நெஃப்ரானின் சிறுகுழாய்ச் செல்கள் கொஞ்சம் கிரியேட்டினினைத் தாமாகவே சுரந்து வெளியே தள்ளும். இப்படி எல்லோரும் சேர்ந்து மூடி மறைப்பதால், வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதியாகும் வரைகூட ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றே வரலாம்.

அந்த 1.0 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டினினை வயது, பாலினத்தோடு சேர்த்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால், 42 வயது ஆணான உங்களுக்கு இஜிஎஃப்ஆர், அதாவது அந்த வேகத்தின் மதிப்பீடு, 96 வருகிறது. நல்ல எண்தான். அதே 1.0 ஒரு 58 வயதுப் பெண்ணுக்கு இருந்தால் 65. எழுபது வயதுப் பெண் என்றால் 61, நோய் என்று சொல்லும் 60 என்ற எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறார். மூவரின் ரிப்போர்ட்டிலும் அச்சாவது ஒரே 1.0. இன்னொன்றும் பாருங்கள்: பத்து வருடத்துக்கு முன் உங்கள் கிரியேட்டினின் 0.7 ஆக இருந்து இப்போது 1.0 ஆகியிருந்தால், இடையில் நீங்கள் உடற்பயிற்சி செய்து தசை போட்டிருக்காவிட்டால், அது கவனிக்க வேண்டிய நகர்வு. இரண்டு எண்ணும் "நார்மல்" என்பதால் யார் கண்ணிலும் படாது. அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள். இப்போதைய எண்ணைவிட அது வந்த வழிதான் எனக்கு முக்கியம்.

சரி, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் சிறுநீரகத்தில் என்ன வேலை?

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூட இருக்காது. ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் குளோமெருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது. அதற்குள் ரத்தம் கொண்டுவர ஒரு சிறு தமனி, வெளியே கொண்டுபோக இன்னொரு சிறு தமனி. உடலில் வேறெங்கும் தந்துகிகளுக்குப் பின்னால் சிரைதான் இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் தமனி. வாசலையும் கொல்லையையும் தனித்தனியாகத் திறந்து மூடி உள்ளே அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ள இந்த ஏற்பாடு. அந்த அழுத்தத்தில்தான் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் வடிகிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மீதி எல்லாம் சிறுகுழாய்களில் திரும்ப உறிஞ்சப்படுகிறது.

வடிகிற திரவத்தோடு சர்க்கரையும் வந்துவிடும், நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம். அதை வீணாக்காமல் திரும்ப எடுக்க, சிறுகுழாயின் முதல் பகுதியில் எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம் இருக்கிறது. சர்க்கரையில் சுமார் 90 சதவீதத்தை மீட்பது இதுதான். ஆனால் அதற்குச் சர்க்கரையைத் தனியாக இழுக்கத் தெரியாது, சோடியத்தையும் கூடவே இழுக்கும். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வடிவதும் கூடும், மீட்பதும் கூடும், கூடவே போகும் சோடியமும் கூடும். கீழே சற்றுத் தள்ளி, வரும் உப்பின் அளவை வைத்து வடிகட்டலைக் கண்காணிக்கும் ஒரு செல்கூட்டம் காத்திருக்கிறது. அதற்கு உப்பு குறைவாகவே வந்து சேர்கிறது. "மேலே சரியாக வடியவில்லை போலிருக்கிறது" என்று தப்பாகப் புரிந்துகொண்டு, உள்ளே வரும் தமனியை அகலத் திறக்கச் சொல்கிறது. வாசல் திறக்கிறது, முடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது.

இதைத்தான் அதிவடிகட்டல் என்கிறோம். இந்தக் கட்டத்தில் இஜிஎஃப்ஆர் குறையாது, கூடும்! சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கும் ஒருவருக்கு 125, 130 என்று வந்தால், "கிட்னி சூப்பர்" என்று சந்தோஷப்படுவார். இன்ஜினை உறும விட்டு ஓட்டுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த மிகை அழுத்தமே மிச்சமிருக்கும் நெஃப்ரான்களை ஒவ்வொன்றாகத் தேய்க்கிறது என்ற கருத்தை 1982இல் பாரி பிரென்னரும் அவருடைய சகாக்களும் முன்வைத்தார்கள். இன்று நாம் கொடுக்கும் சிறுநீரகப் பாதுகாப்பு மருந்துகளில் முக்கியமான இரண்டு வகைகள் அந்த அழுத்தத்தைத்தான் குறைக்கின்றன. ஒன்று கொல்லைக் கதவைத் தளர்த்தும், மற்றது வாசல் கதவை அளவாக மூடும்.

இந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பவை போடோசைட் என்ற செல்கள். வடிகட்டும் அந்த முடிச்சின் சுவர்தான் சல்லடை; அதன் வெளிப்பக்கத்தில் கால் விரல்களைக் கோர்த்துக்கொண்டு பிடித்திருப்பவை. தோலைப் போல இவை தாராளமாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஒன்று கழன்று சிறுநீரோடு போனால், பக்கத்தில் இருப்பது தன்னை நீட்டி இடத்தை நிரப்பப் பார்க்கும். ஒரு அளவுக்கு மேல் முடியாமல் போனால் அந்த இடம் தழும்பாகிவிடும். இந்தச் செல்கள் இன்சுலின் சொல் கேட்பவை. இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் உடல் அதன் சொல்லைச் சரியாகக் கேட்காத நிலை, வந்தால் இவற்றின் பிடியும் தளர்கிறது. அதனால்தான் சர்க்கரை நோய் என்று பெயர் வைப்பதற்கு முன்பே, உங்கள் ரிப்போர்ட்டைப் போன்ற "பார்டர்" நிலையிலேயே, சிலருக்குச் சிறுநீரகத்தில் சிறு மாற்றங்கள் தெரிகின்றன.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். அவற்றைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள். 1988இல் ஜெரால்ட் ரீவன், இந்தக் கோளாறுகள் ஒன்றாகவே சுற்றுவதைக் கவனித்து, இன்சுலின் எதிர்ப்பை நடுவில் வைத்து ஒரு தொகுப்பாகச் சொன்னார். பின்னால் அது மெட்டபாலிக் சிண்ட்ரோம் ஆனது. ஐந்தில் மூன்று இருந்தால் அந்தப் பெயர்: இடுப்புச் சுற்றளவு அதிகம், ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல், எச்டிஎல் ஆணுக்கு 40க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். உங்களுக்கு இடுப்பை அளக்காமலேயே நான்கு தேறிவிட்டது. இந்த ஐந்தில் எத்தனை சேர்கிறதோ அதற்கேற்பச் சிறுநீரகப் பழுதின் வாய்ப்பு படிப்படியாகக் கூடுவதைப் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 2023இல் அமெரிக்க இதயச் சங்கம் இதயம், சிறுநீரகம், வளர்சிதை மாற்றம் மூன்றையும் சேர்த்து ஒரே நோய்க்குடும்பமாகப் பெயரிட்டதற்கும் இதுவே காரணம்.

சர்க்கரையின் பங்கைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வில் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரைச் சராசரியாக ஆறரை வருடம் பின்தொடர்ந்தார்கள். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குச் சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் லேசாகக் கசிவது 39 சதவீதமும், கூடுதலாகக் கசிவது 54 சதவீதமும் குறைந்தது. சர்க்கரையைக் குறைத்தால் பழுது குறைகிறது. அப்படியானால் சர்க்கரை வெறும் சாட்சி மட்டும் இல்லை, குற்றத்தில் பங்காளி.

ட்ரைகிளிசரைடு கூடியும் எச்டிஎல் குறைந்தும் இருப்பது இன்சுலின் எதிர்ப்பின் கையெழுத்து. முன்னதைப் பின்னதால் வகுத்தால் உங்களுக்கு 6.7 வருகிறது, அதிகம்தான். கொழுப்புச் சேமிப்புக் கிடங்கில் இடமில்லாமல், கொழுப்பு போகக்கூடாத உறுப்புகளுக்குப் போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம் கொள்ளலாம். சிறுநீரகமும் அந்த உறுப்புகளில் ஒன்று. சிறுகுழாய்ச் செல்களுக்குக் கொழுப்புதான் முக்கிய எரிபொருள். ஆனால் எரிக்க முடிந்ததைவிட அதிகம் வந்து சேர்ந்தால் அது உள்ளேயே தேங்கிச் செல்லை நோகடிக்கும். இதைச் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைத்தால் சிறுநீரகம் தப்பிக்கும் என்று நினைத்து ஏமாந்த கதை உண்டு. 2011இல் வந்த ஷார்ப் ஆய்வில், 9,000க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லைக் குறைத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தன. சிறுநீரகம் தேயும் வேகம் குறையவில்லை. அப்படியென்றால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டாமா? வேண்டும், இதயத்துக்காக. சிறுநீரகம் பழுதானவர்களில் பலர் டயாலிசிஸ் வரை போவதற்கு முன்பே இதய நோயால் இறக்கிறார்கள்.

யூரிக் ஆசிட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு வரும் கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான்.

யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பவர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரக நோய் அதிகம் வருகிறது. இது உண்மை. ஆனால் யூரிக் ஆசிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியேற்றுவதே சிறுநீரகம்தான். சிறுநீரகம் சற்றே சுணங்கினாலும் அது ரத்தத்தில் ஏறும். இன்சுலின் கூடினாலும் ஏறும், ஏனென்றால் இன்சுலின் அதைத் திரும்ப உறிஞ்சச் சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளாலும் ஏறும். அப்படியானால் இது திருடனா, திருட்டைப் பார்த்தவனா? மருந்து கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று இரண்டு ஆய்வுகள் நடந்தன; இரண்டும் 2020இல் வெளிவந்தன. பெர்ல் ஆய்வில் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 530 பேர், மூன்று வருடம். சிகேடி-ஃபிக்ஸ் ஆய்வில் சிறுநீரக நோய் மூன்றாம், நான்காம் கட்டத்தில் இருந்தவர்கள், இரண்டு வருடம். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மருந்தைக் கொடுத்தார்கள், யூரிக் ஆசிட் நன்றாக இறங்கியது. சிறுநீரகம் தேய்வது மட்டும் கொஞ்சமும் மெதுவாகவில்லை. பார்த்தவனைப் பிடித்து உள்ளே போட்டதால் திருட்டு நிற்கவில்லை.

அதனால் உங்களுடைய 7.6ஐப் பார்த்துப் பதறி மாத்திரை போட வேண்டாம். மூட்டு வீங்கி கௌட் வந்திருந்தாலோ, யூரிக் ஆசிட் கல் இருந்தாலோ சிகிச்சை வேறு விஷயம். இல்லையென்றால் அந்த எண்ணை ஒரு மணியோசையாக எடுத்துக்கொள்ளுங்கள்: இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது, சிறுநீரகத்தையும் எட்டிப் பார் என்கிறது.

இப்படி எண்கள் இரண்டு பக்கமும் பேசும் என்பதை மறக்கக்கூடாது. வளர்சிதை மாற்றக் கோளாறு சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் திரும்பி இந்த எண்களைக் கலைக்கும். ட்ரைகிளிசரைடை ஏற்றும், எச்டிஎல்லை இறக்கும், இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டும். சர்க்கரையில்தான் இந்தக் குழப்பம் ஆளையே ஏமாற்றிவிடும். பல வருடமாக இன்சுலின் போட்டுவந்த ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து உட்காருவார். "டாக்டர், சுகர் தானாகவே குறைந்துவிட்டது, ஊசியைப் பாதியாக்கிவிட்டேன், எச்பிஏ1சிகூட இறங்கிவிட்டது." நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பேன். கணுக்கால் வீங்கி, செருப்பு வாரின் தடம் பதிந்திருக்கும். நடந்தது இதுதான்: உடலில் சுற்றும் இன்சுலினில் ஒரு பகுதியைச் சிறுநீரகம்தான் அழித்து வெளியேற்றுகிறது. அது பழுதானதால் இன்சுலின் ரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. சிறுநீரகம் தானே சர்க்கரை தயாரிப்பதும் குறைந்துவிட்டது. எச்பிஏ1சி இறங்கியதற்குக் காரணம் வேறு: சிறுநீரக நோயில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைகிறது, சர்க்கரை ஒட்டிக்கொள்ள அவற்றுக்கு அவகாசம் போதவில்லை. இதற்கு நேர்மாறாக, இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எச்பிஏ1சியைப் படிக்கும்போது பக்கத்திலேயே ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி சிறுநீர். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் சல்லடையைத் தாண்டக் கூடாது. எவ்வளவு கறாரான சல்லடை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரத்தத்தின் திரவப் பகுதியில் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் ஆல்புமின். தடுப்பே இல்லாவிட்டால் ஒரு நாளில் வடியும் 180 லிட்டரோடு 7 கிலோவுக்கு மேல் ஆல்புமின் போயிருக்க வேண்டும். ஆரோக்கியமானவரின் சிறுநீரில் வருவதோ 30 மில்லிகிராமுக்கும் கீழே. கிலோவில் இருந்து மில்லிகிராமுக்கு! தப்பித் தவறி நழுவுவதையும் சிறுகுழாய் பெரும்பாலும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு இறுக்கமான காவலில் சின்ன ஓட்டை விழுந்தாலும் வெளியே தெரிந்துவிடும். அதனால்தான் ஆல்புமின் கசிவு இவ்வளவு முன்கூட்டியே பேசுகிறது.

இதை அளக்க 1960களில் லண்டனில் ஹாரி கீன் குழுவினர் வழி கண்டார்கள். இவ்வளவு சிறிய கசிவு யாரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1980களில் டென்மார்க்கின் கார்ல் எரிக் மோகன்சன் போன்றவர்கள் பின்தொடர்ந்து காட்டினார்கள். 1984இல் மோகன்சன் சொன்னது இன்றும் செல்லும்: நடுவயதில் சர்க்கரை நோய் வந்தவர்களிடம் இந்தச் சிறு கசிவு, பின்னால் வரும் பெரிய சிறுநீரகப் பழுதையும் முன்கூட்டிய மரணத்தையும் சேர்த்தே முன்னறிவிக்கிறது. சிறுநீரகத்தில் கசியும் ரத்தக்குழாய் உடல் முழுக்க உள்ள ரத்தக்குழாய்களின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கெட்டால் இதயத்திலும் கண்ணிலும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பரிசோதனையின் பெயர் சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், சுருக்கமாக ஏசிஆர். சாதாரண "யூரின் ரொட்டீன்" இதற்குப் போதாது. அதில் முக்கி எடுக்கும் பட்டை ஓரளவு பெரிய கசிவைத்தான் நிறம் மாறிக் காட்டும். ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் "இல்லை" என்றே எழுதி வரும். ஏசிஆரில் ஆல்புமினைக் கிரியேட்டினினால் வகுப்பது, நீங்கள் தண்ணீர் அதிகம் குடித்துச் சிறுநீர் நீர்த்திருந்தாலும் கணக்கு தப்பாமல் இருக்க. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் நார்மல். 30 முதல் 300 வரை மிதமான கசிவு. முன்பு மைக்ரோ ஆல்புமினூரியா என்போம், பல ரிப்போர்ட்டுகளில் இன்னும் அப்படித்தான் வருகிறது. 300க்கு மேல் தீவிரம். 30 என்பது நாமாக இழுத்த கோடு என்பதையும் நினைவில் வையுங்கள். அபாயம் 10ஐத் தாண்டும்போதே மெல்ல ஏற ஆரம்பிக்கிறது. 24 என்று வந்தால் "நார்மல்" என்று மடித்து வைக்காமல் அடுத்த வருடம் எவ்வளவு என்று பார்ப்பேன்.

கொடுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் பிடித்தது. முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி செய்திருந்தால் தள்ளிப்போடுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பெண்களுக்கு மாதவிலக்கு, கட்டுக்கடங்காத சர்க்கரை, எல்லாமே எண்ணைப் பொய்யாக ஏற்றும். ஒருமுறை கூடுதலாக வந்தால் அதை வைத்து யாரும் நோயாளி ஆகிவிட மாட்டார்கள். மூன்று முதல் ஆறு மாத காலத்துக்குள் மூன்று முறை பார்த்து இரண்டில் கூடுதலாக இருந்தால்தான் கணக்கு. நாள்பட்ட சிறுநீரக நோய் என்ற பெயருக்கே, இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ் இருப்பதோ பழுதின் அடையாளமோ மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஏசிஆர் நார்மலாக வந்துவிட்டால் இஜிஎஃப்ஆரை மறந்துவிடலாமா? கூடாது. சர்க்கரை நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஆல்புமின் கசியாமலே வடிகட்டும் திறன் மட்டும் தேய்கிறது. இரண்டும் வேண்டும்.

நிறையத் தசை உள்ளவர், உடற்பயிற்சிக்காக கிரியேட்டின் பொடி சாப்பிடுபவர், மிகவும் மெலிந்தவர், இவர்களுக்குக் கிரியேட்டினின் கணக்கு தப்பலாம். அப்போது சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை கைகொடுக்கும். அது தசையைச் சார்ந்தது இல்லை. அதற்கும் குறை உண்டு: தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, உடல் பருமன், நாள்பட்ட அழற்சி எல்லாம் அதை ஆட்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதே உசிதம். மற்றபடி, என்கேல், கிம்-1 என்று புதுப்புது பெயர்களில் ஆரம்பப் பழுதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லப்படும் பரிசோதனைகள் ஆய்வுக்கூடங்களில் நல்ல பிள்ளைகள்தான். உங்கள் நிலையில் இருப்பவரின் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. எழுபது எண்பது எண்கள் அடங்கிய பெரிய பேக்கேஜில் ஏசிஆர் இல்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன்? முதலில் ஏசிஆர். அப்புறம் வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். 138/88 என்பது உங்கள் பட்டியலிலேயே அதிகம் கவனிக்க வேண்டிய எண் என்பது என் கருத்து. எல்லோரும் சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருப்பதால் அது தப்பித்துவிடுகிறது. அகலத் திறந்த வாசலில் அழுத்தமும் கூடினால் அது நேராகச் சல்லடையில்தான் மோதும். உப்பைக் குறைப்பது, எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் இறக்குவது, குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறதா என்று பார்ப்பது, இவை ட்ரைகிளிசரைடையும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஒரே வீச்சில் இறக்கும். தலைவலிக்கும் முதுகுவலிக்கும் அடிக்கடி டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்வேன்.

ஏசிஆர் நார்மல் என்றால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கூடுதலாக உறுதியானால் மருந்து இருக்கிறது. கொல்லைக் கதவைத் தளர்த்துவது ஏசிஇ தடுப்பான், ஏஆர்பி வகை ரத்த அழுத்த மாத்திரைகள். வாசலை அளவாக மூடுவது, மேலே சொன்ன எஸ்ஜிஎல்டி2 புரதத்தைத் தடுக்கும் மாத்திரைகள். சர்க்கரைக்காக வந்தவை இவை. 2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் உதவுவது தெரிந்தது. இந்த இரு வகையிலும் மருந்து தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்றே ஏறும். "கிட்னிக்கு மருந்து கொடுத்துக் கிட்னியைக் கெடுத்துவிட்டார்கள்" என்று அங்கேயே நிறுத்திவிடுபவர்கள் பலர். உள்ளே அழுத்தம் இறங்குவதால் வடிவதும் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். ஏற்றம் 30 சதவீதத்துக்கு மேல் போனால்தான் காரணம் தேடுவோம். உங்களுக்கு ஏசிஆரே பார்க்காத நிலையில் இந்த மாத்திரைகளைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

கடைசியாக, சித்தப்பா. அவருக்கு எதனால் சிறுநீரகம் போனது என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் கேளுங்கள். சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் என்றால் மேலே சொன்னது எல்லாம் உங்களுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் என்றால் கதை வேறு. அதில் ஏசிஆர் வெகுகாலம் நார்மலாகவே இருக்கலாம், உங்கள் ரத்த அழுத்தத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் முதலில் உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுங்கள்.